குளத்து நீரும் கோயில் அமுதும்

சைவாலயத்திலே பூசை நீரோடு தொடங்கி நீரோடு நிறைகிறது. சிவாசாரியார் சங்கற்பம் செய்யும் வேளையில் நீரைத் தொடுகிறார். கும்பத்தில் எழுந்தருளச் செய்யும் தெய்வத்துக்கு நீரே திருமேனியாகிறது. பாலும் தயிரும் தேனும் இளநீரும் சொரிந்த பின்னரும் தூய நீர் ஆட்டியே அபிடேகம் நிறைவு பெறுகிறது. ஈற்றில் அடியாருடைய உள்ளங்கையில் ஓர் உத்தரணி தீர்த்தம் விழுகிறது. அந்தச் சிறு துளி கீழே சிந்திவிடாதபடி வலக்கையைக் குவித்து, இடக்கையை அதன் கீழே தாங்கி, பக்தியோடு பருகி, எஞ்சிய ஈரத்தையும் தலையிலே தடவிக்கொள்வது சைவ மக்களின் வழக்கம்.

ஓர் உத்தரணி நீரைச் சிந்தாமல் ஏந்துகின்ற அதே கை, வயலுக்குப் பாயும் வாய்க்கால் நீரையும் வீட்டுக் குழாய் நீரையும் எவ்வாறு கையாளுகிறது? கோயிலுக்குள்ளே இருக்கும்போது மட்டும் தீர்த்தமாக இருக்கும் நீர், வாசலைத் தாண்டியவுடன் வெறும் பண்டமாக மாறிவிடுமா? திருவானைக்காவிலே எம்பெருமான் அப்புலிங்கமாக, நீரே வடிவாக எழுந்தருளியிருக்கிறார் என்று சைவ உலகம் போற்றுகிறது. நீர் அவன் வடிவமாயின் குளத்திலே தேங்கி நிற்கும் நீரும் அவன் வடிவமே. துருசு வழியாக வெளியேறி வாய்க்காலில் ஓடும் நீரும் அவன் வடிவமே. திருவள்ளுவ நாயனார் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த முறையும் இவ்விடத்திலே சிந்திக்கத்தக்கது.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வாழும் அடியார்களிற் பலர் வயற்கரையை விட்டு வந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. வன்னியிலும் மன்னாரிலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பிறந்தவர்கள் இங்கே உத்தியோகமும் வியாபாரமும் செய்கிறார்கள். ஊரிலே இருக்கும் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, போகம் முடிந்ததும் குத்தகைப் பணத்தையோ ஒரு சாக்கு நெல்லையோ பெற்றுக்கொள்வோரும் உண்டு. கொழும்பிலே பிறந்த பிள்ளைகளுக்கோ அரிசி என்றால் கடையிலே பொதி செய்து விற்கும் பொருள். தண்ணீர் என்றால் குழாயைத் திறந்தால் வருவது. இந்தக் குழாய் நீரும் எங்கிருந்தோ வருவதுதான். 1880களிலே கட்டப்பட்ட லபுகம நீர்த்தேக்கமும், பின்னர் வந்த கலட்டுவாவ நீர்த்தேக்கமும், களனி கங்கையின் நீரைச் சுத்திகரிக்கும் அம்பத்தளை நிலையமும் கொழும்பு நகரின் தாகத்தைத் தீர்க்கின்றன. கடும் வரட்சியிலே ஆற்றின் ஓட்டம் குறையும்போது கடல்நீர் மேலேறி அம்பத்தளையை நெருங்க, மணல் மூட்டைகளை அடுக்கித் தடுத்த ஆண்டுகளும் உண்டு. நகரத்தவர்க்கும் நீர் நிச்சயமான செல்வம் அன்று.

கங்கையை அளந்து விட்ட கருணை

பகீரதன் தவம் செய்து ஆகாய கங்கையைப் பூமிக்கு அழைத்த கதையைக் கேளாத சைவக் குழந்தை இல்லை. கங்கை இறங்கி வரச் சம்மதித்தாள். ஆனால் அவள் வேகத்தைப் பூமி தாங்காது. வேண்டிய வரமே வெள்ளமாகி உலகத்தை அழித்துவிடும் நிலை. அப்போது சிவபெருமான் தம் சடையை விரித்து அந்தப் பெருவெள்ளத்தை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை, பின்பு அளவாக வெளியே விட்டார். அந்த அளவான நீர்தான் ஓடிச் சென்று சகரபுத்திரர்களைக் கடைத்தேற்றியது.

இக்கதையின் உட்பொருளை ஒரு கமக்காரன் எளிதில் விளங்கிக்கொள்வான். மாரிகாலத்திலே வானம் பொழிவது கங்கையின் வேகம். அதை மறித்து வைக்கும் குளக்கட்டுப் பெருமானின் சடை. அளந்து விடும் துருசு அவர் கருணை. மழை பெய்துவிட்டது என்பதனால் மட்டும் வயல் விளைவதில்லை. தேக்கி வைக்கவும் வேண்டும். தேக்கியதை அளந்து விடவும் வேண்டும். கோடைகாலத்திலே சிவலிங்கத்தின் மேலே தாராபாத்திரத்தைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அதிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக நாள் முழுவதும் விழுகிறது. குடம் குடமாக ஊற்றினாற்போல் ஒரு நாழிகையில் முடிந்துவிடுவதில்லை. அளவு என்பது கஞ்சத்தனம் அன்று. நெடுநேரம் கொடுப்பதற்குரிய வழி என்பதைத் தாராபாத்திரம் நித்தமும் உணர்த்துகிறது.

கோணேசருக்கு அமுதளித்த குளம்

இலங்கைத் திருநாட்டிலே குளமும் கோயிலும் ஒன்றையொன்று பற்றி நின்றமைக்குத் திருகோணமலையும் கந்தளாயும் சான்று. குளக்கோட்டு மன்னன் கோணேசர் ஆலயத் திருப்பணியைச் செய்தான்; அப்பெருமானுக்கு நித்திய நைவேத்தியத்துக்கு நெல் வேண்டுமென்று கந்தளாய்க் குளத்தையும் வயல்களையும் அமைத்தான் என்பது கீழ்மாகாணத் தமிழர் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வரும் வரலாறு. கோணேசர் கல்வெட்டு என்னும் நூலிலே இம்மன்னன் செய்த திருப்பணிகளும் வகுத்த ஒழுங்குகளும் பேசப்படுகின்றன. பூதங்களை ஏவி அவன் குளத்தைக் கட்டுவித்தான் என்ற கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. வரலாற்றாசிரியர்கள் கந்தளாய்க் குளத்தின் தோற்றத்தை 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனோடு சேர்த்துச் சொல்வார்கள். யார் கட்டியிருப்பினும், அந்தக் குளத்து நீரில் விளைந்த நெல் பெருமானுக்கு அமுதாகி, அடியாருக்குப் பிரசாதமாகியது என்பதே மனத்திற் கொள்ளத்தக்கது.

17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தழித்தார்கள். அடியார்கள் காப்பாற்றிய திருவுருவங்களுக்குத் தம்பலகாமத்திலே ஆதிகோணநாயகர் என்ற பெயரோடு கோயில் அமைந்தது. தம்பலகாமம் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்வெளி. இடிக்கப்பட்ட கோயிலின் பெருமான் தமக்கு அமுதளித்த குளத்தின் நீர் வந்து சேரும் இடத்திலேயே மீண்டும் எழுந்தருளினார் என்றால், அதைத் திருவருள் என்பதன்றி வேறென்ன சொல்வது! பின்னர் 1950ஆம் ஆண்டிலே திருகோணமலையில் கிணறு வெட்டும்போது பழைய திருவுருவங்கள் சில மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. நீர் தேடித் தோண்டிய இடத்திலே தெய்வம் கிடைத்தது. 1963ஆம் ஆண்டிலே புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தேறியது.

கந்தளாய்க்கு வரும் நீரின் வழியை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. மத்திய மலைநாட்டிலே பெய்யும் மழை மகாவலியாக ஓடுகிறது. 1976ஆம் ஆண்டிலே கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் அணை கட்டி அந்நீரின் ஒரு பகுதியை வடக்கே திருப்பினார்கள். அது அம்பன் கங்கையிற் சேர்ந்து, எலகெரவிலே மறிக்கப்பட்டு, மின்னேரியாக் குளத்தை நிரப்பி, பழைய பெருங்கால்வாய் வழியாகக் கவுடுல்லைக்கும் கந்தளாய்க்கும் வருகிறது. மலையிலே தேயிலைக் கொழுந்து நனைந்த அதே மழை, நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்பலகாமத்து நெற்கதிரிலே பால் பிடிக்கிறது. எத்தனை ஊர், எத்தனை மொழி, எத்தனை சமயத்தவர் கைகளைக் கடந்து அந்த நீர் வருகிறது! நடுவிலே ஒருவர் தமக்குரிய அளவுக்கு மேல் எடுத்தாலும், கடைசியில் நிற்பவருடைய பயிர் வாடும்.

நீரைக் காப்பதிலே தவறினால் என்ன நேரும் என்பதற்கும் கந்தளாயே சாட்சி. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையிலே குளக்கட்டு உடைந்தது. உறக்கத்திலிருந்த மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் மாண்டார்கள். உயிர் தரும் நீரே உயிரைக் குடித்தது. கட்டும் துருசும் வாய்க்காலும் கண்ணும் கருத்துமாகப் பேணப்பட வேண்டியவை என்பதற்கு இதைவிட உரத்த எச்சரிக்கை வேண்டியதில்லை.

முதல் வயலும் கடைசி வயலும்

நீர்ப்பாசனத்திலே நீதிக்கும் அநீதிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வாய்க்காலின் இரு முனைகளிலே காணலாம். துருசுக்கு அண்மையிலே உள்ள வயற்காரன் விரும்பிய வேளையில் மடையைத் திறக்கிறான். முழங்கால் அளவு நீரைக் கட்டி வைக்கிறான். நீர் நிறைய நின்றால் களை முளையாது, அடிக்கடி வந்து பார்க்கவும் தேவையில்லை என்பது அவன் எண்ணம். வரம்பிலே நண்டுத் துளை இருந்தாலும் அவன் கவலைப்படுவதில்லை. ஆனால் வாய்க்காலின் கடைசியிலே வயல் செய்கிறவன் இரவிலே விளக்கோடு வந்து, மண்வெட்டியைத் தோளிலே வைத்துக்கொண்டு, வாராத நீருக்காகக் காத்திருக்கிறான். கதிர் தள்ளும் பருவத்திலே பத்து நாள் நீர் தவறினால் அவனுடைய நெல் பதராகிறது. பதர் அறுத்தவன் குத்தகையை எப்படிக் கொடுப்பான்? உரக்கடைக் கடனை எப்படித் தீர்ப்பான்? நீருக்காக அண்ணன் தம்பி முகம் பாராமற் போன கதைகள் எந்த ஊரிலே இல்லை?

வழிந்தோடும் நீர் வீண்போவதில்லை, கீழேயுள்ள குளத்துக்குத்தானே போகிறது என்று சமாதானம் சொல்வோரும் உண்டு. வன்னியிலும் அநுராதபுரத்திலும் ஒரு குளத்தின் கீழே இன்னொரு குளமாகத் தொடுத்துக் கட்டிய இடங்களிலே அது ஓரளவுக்கு உண்மை. மேற்குளத்து வயலின் கழிநீர் கீழ்க்குளத்துக்கு வரவாகிறது. உலக உணவு விவசாய அமைப்பு 2017ஆம் ஆண்டிலே இத்தொடர்குள முறையை உலகின் விவசாய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஆனால் கந்தளாய் நீர் தம்பலகாமத்தைக் கடந்தால் அடுத்து ஏந்துவதற்கு வேறு குளம் இல்லை. அங்கே தம்பலகாமக் குடாக்கடல்தான் இருக்கிறது. மலையிலிருந்து அவ்வளவு தூரம் வந்த நன்னீர் கடைசி வயலுக்குப் பயன்படாமல் உப்போடு கலந்தால், அதை மீண்டும் அழைத்து வருவது எந்தப் பகீரதனாலும் இயலாது.

முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். ஆதலால் நீரைத் தனிமனிதர் விருப்பத்துக்கு விடவில்லை. மட்டக்களப்புப் பகுதியிலே வட்டை விதானை என்பவர் வயலுக்கு நீர் விடும் முறையைக் கவனித்தார். விதைப்பதற்கு முன் எல்லோரும் கூடி, எந்த நாளில் விதைப்பது, எந்த நாளில் துருசைத் திறப்பது, எந்த நாளில் மூடுவது என்று முடிவு செய்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சியிலே 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இந்தப் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டமும் வயற்சொந்தக்காரர் கூடி முடிவெடுக்கும் போகக் கூட்டத்துக்கு இடம் வைத்தது.

குளத்தில் நீர் குறைந்த ஆண்டிலே அவர்கள் செய்த காரியம் இன்னும் வியப்புக்குரியது. எல்லா வயலுக்கும் நீர் போதாது என்று தெரிந்தால், குளக்கட்டுக்கு அண்மையிலுள்ள வயல்களை மட்டும் செய்வது என்று தீர்மானித்து, அந்த நிலத்தை எல்லோருக்கும் அவரவர் பங்குக்கேற்பப் பிரித்துக் கொடுத்தார்கள். சிங்கள விவசாயிகள் இதைப் பெத்ம என்பார்கள். வன்னியிலும் சிறுபோகத்திலே இவ்வாறு பங்கிட்டுச் செய்யும் வழக்கம் உண்டு. தன் பெயரிலே உறுதி எழுதிய வயலை, நீர் இல்லாத ஒரு போகத்துக்குக் கடைசி வயற்காரனோடு பங்கிட்டுக் கொண்டான் முதல் வயற்காரன். நிலம் தனக்குரியது, நீர் எல்லோருக்கும் உரியது என்ற தெளிவு அவனிடம் இருந்தது. இதைவிடப் பெரிய தருமம் எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது!

குளக்கட்டுகளிலே பிள்ளையாரும் ஐயனாரும் எழுந்தருளியிருப்பதன் காரணமும் இதுவே. சிங்கள மக்களும் குளத்தைக் காக்கும் தெய்வமாக ஐயநாயக்க தெய்யோ என்று ஐயனாரை வணங்குகிறார்கள். மடையைத் திறப்பவனை இரவிலே எந்த உத்தியோகத்தரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. குளக்கட்டுத் தெய்வம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற அச்சமும் அன்புமே கடைசி வயலுக்குக் காவல்.

கமரிலே கேட்ட ஓசை

நெல்லுக்கு எப்போதும் நீர் நிற்கவேண்டும், வயல் ஒருநாள் வெடித்தாலும் அது தரித்திரத்தின் அடையாளம் என்று எண்ணுவது கமக்காரர் இயல்பு. இவ்விடத்திலே அரிவாட்டாய நாயனாரை நினைப்பது பொருத்தமாகும்.

சோழநாட்டுக் கணமங்கலத்திலே வாழ்ந்த அந்த அடியார் செந்நெல் அரிசிச் சோறும் செங்கீரையும் மாவடுவும் நாள்தோறும் பெருமானுக்குப் படைத்து வந்தார். செல்வம் போய் வறுமை வந்தது. கூலிக்கு நெல் அறுத்தார். கூலியாகக் கிடைத்த செந்நெல்லைப் பெருமானுக்கு ஒதுக்கிவிட்டுத் தாம் கார்நெல்லையும் கீரையையும் உண்டார். ஒருநாள் பசிச் சோர்வினாலே வயல்வழியிலே கால் தளர்ந்து விழப்போனார். மனைவியார் தாங்கியும் அமுது சிந்தி, வெடித்துக் கிடந்த நிலத்தின் கமரிலே விழுந்தது. பெருமானுக்கு அமுது இல்லையே என்று ஆற்றாது அரிவாளைத் தம் கழுத்திலே பூட்டியபோது, அக்கமரிலிருந்தே ஐயனின் திருக்கை வெளிப்பட்டு அவர் கையைப் பிடித்தது. மாவடுக் கடிக்கும் ஓசையும் அங்கே கேட்டது.

வெடித்த நிலத்தைப் பெருமான் வெறுக்கவில்லை. அதையே தமக்கு உண்கலமாகக் கொண்டார். சிறிது காய்ந்த வயலிலும் அருள் உண்டு என்று அக்கதையை வாசிக்கும் கமக்காரன் எண்ணிக்கொள்வதில் தவறில்லை. இக்கால நெல் ஆராய்ச்சியும் தன் வழியிலே இதைத்தான் சொல்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் நனைத்துக் காயவிடும் பாய்ச்சல் முறையைப் பரப்பி வருகிறது. ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் நீளமான ஒரு குழாயின் கீழ்ப்பகுதியிலே துளைகள் இட்டு, வயலிலே புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். மேலே நீர் வற்றினாலும் உடனே பாய்ச்ச வேண்டியதில்லை. குழாய்க்குள்ளே பார்த்தால் நிலத்தடியில் நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது தெரியும். மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் வரை இறங்கிய பின் மீண்டும் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பாய்ச்சினாற் போதும். வேர் அந்த ஈரத்தை எட்டிப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கும் வரம்பு உண்டு. பயிர் இளமையாக இருக்கும் முதல் இரண்டு கிழமையும், களை மிகுந்திருக்கும்போதும் நீர் நிற்கவே வேண்டும். பூக்கும் பருவத்துக்கு ஒரு கிழமை முன்னும் ஒரு கிழமை பின்னும் வயலைக் காயவிடலாகாது. இவற்றைக் கவனித்துச் செய்தால் விளைச்சல் குறையாமலே பாசன நீரில் 30 சதவீதம் வரை மிச்சம் பிடிக்கலாம். எப்போதும் நீர் நிற்கும் சேற்றிலிருந்து எழும் மீதேன் வாயுவும் குறைகிறது.

இதனோடு வேறு சிறு காரியங்களும் சேர வேண்டும். நிலத்தை மட்டப்படுத்தினால் மேட்டுக்காகப் பள்ளத்தில் நீரை நிரப்ப வேண்டியிராது. வரம்பைக் கட்டி, நண்டுத் துளையை அடைக்க வேண்டும். உழவுக்கென்று கிழமைக் கணக்கில் நீரைத் தேக்கி வைக்காமல், ஊரவர் ஒன்றாக விரைவில் உழுது விதைக்க வேண்டும். காலபோகத்திலே குளம் நிரம்பட்டும் என்று காத்திராமல், ஐப்பசி மழையோடு புழுதியிலே விதைத்தால் வானத்து நீரே முற்பயிரை வளர்க்கும். குளத்து நீர் சிறுபோகத்துக்கு மிஞ்சும். 1970களிலே அநுராதபுரத்து வலகம்பாகு கிராமத்திலே விவசாயத் திணைக்களம் இதைச் செய்து காட்டியது. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த இரண்டரை மாத, மூன்று மாத நெல்லினங்கள் நான்கு மாத நெல்லைவிடக் குறைந்த நாட்களே நீர் கேட்கின்றன.

ஆயினும் இவை எல்லாவற்றுக்கும் அடியிலே ஒன்று இருக்கிறது. அடுத்த முறை நீர் நிச்சயம் வரும் என்ற நம்பிக்கை இல்லாதவன் வயலைக் காயவிட மாட்டான். கிடைத்தபோதே நிரப்பி வைப்பான். அவனைப் பேராசைக்காரன் என்று ஏசுவதாற் பயனில்லை. அவனுடைய அச்சத்தைத் தீர்க்க வேண்டும். முறை தவறாமல் நீர் வந்தால் அச்சம் தீரும். ஆகவே நீரை மிச்சப்படுத்துவது குழாய் புதைப்பதனால் மட்டும் ஆவதன்று. ஒருவர் முறையை மற்றவர் மதிப்பதனால் ஆவது.

ஐந்நதி நாட்டின் பாடம்

அமிர்தசரஸ் என்றால் அமுதப் பொய்கை. அங்கே பொற்கோயிலிலே சாதி சமய வேறுபாடு பாராமல் ஒவ்வொரு நாளும் அன்னமிடுகிறார்கள். ஐந்து நதிகள் பாய்ந்ததாற் பஞ்சாப் என்று பெயர் பெற்ற அந்த நாட்டிலே, மாரியிலே கோதுமையும் கோடையிலே நெல்லுமாக இந்தியாவுக்குச் சோறும் ரொட்டியும் விளைகின்றன. ஆனால் நதி நீர் போதாமல் குழாய்க் கிணறுகளை இறக்கினார்கள். பாசனத்துக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைத்தது. மழைக்கு முன்பே, வெயில் கொளுத்தும் காலத்திலேயே நெல் நட்டார்கள். நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழே இறங்கியது. 2009ஆம் ஆண்டிலே பஞ்சாப் அரசு சட்டம் இயற்றி, ஜூன் 10ஆம் திகதிக்கு முன் நாற்று நடலாகாது என்று விதித்தது. மழை நெருங்கும்வரை காத்திருக்கும்படி செய்தது அச்சட்டம். ஆயினும் இறங்கிய நீர் எளிதில் மேலே வரவில்லை. ஐந்து நதிகளின் நாட்டுக்கே இந்த நிலை என்றால், ஆறே இல்லாத யாழ்ப்பாணத்துக் கிணறுகளையும், மாரி பொய்த்தால் வற்றிப்போகும் வன்னிக் குளங்களையும் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

இலங்கையிலே கோதுமை விளைவதில்லை. கொழும்பிலே காலையில் உண்ணும் பாணும் மாலையில் உண்ணும் ரொட்டியும் யாரோ ஒரு தூரதேசத்து விவசாயியின் நீர். சோறு மட்டுமே இந்நாட்டுக் குளத்தின் நீர். இரண்டையும் உண்பவர் இரு இடத்து நீருக்கும் கடன்பட்டவர்.

கொழும்பு அடியார் கடன்

வயலை விட்டுத் தூரத்திலே வாழ்பவர் இதில் என்ன செய்யமுடியும் என்று கேட்கலாம். அப்பூதியடிகள் திங்களூரிலே திருநாவுக்கரசு நாயனாரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். அடியாரைக் கண்ணாலும் காணாத காலத்திலேயே அவர் பெயரை எழுதி, வழிப்போக்கர் தாகத்தைத் தணித்தார். கொழும்பிலே ஆடிவேல் விழாவுக்குச் செட்டியார் தெருவிலிருந்து வேல் புறப்பட்டு வரும்போது காலி வீதியிலே தண்ணீர்ப் பந்தல் வைத்த அடியார்கள் அவருடைய வழியிலே வந்தவர்கள். கண்ணாற் காணாத கடைசி வயற்காரனுக்கும் அவ்வாறே ஒரு தண்ணீர்ப் பந்தல் வைக்க முடியும்.

முதலாவது, ஊரிலே வயல் வைத்திருப்போர் தம் கடனை உணர வேண்டும். குத்தகைக்குக் கொடுத்ததோடு பொறுப்புத் தீர்ந்துவிடுவதில்லை. போகக் கூட்டத்துக்கு வயற்சொந்தக்காரர் வாராதபோது, அங்கே எடுக்கப்படும் முடிவுக்கு வலுக் குறைகிறது. கூட்டத்திலே பேசக் குத்தகைக்காரன் தயங்குகிறான். ஆண்டுக்கு ஒரு முறையாவது போய் அமர வேண்டும். இயலாதவர் தம் சார்பிலே பேசக் குத்தகைக்காரனுக்கு உரிமை கொடுக்க வேண்டும். வாய்க்கால் துப்புரவுக்கு உரிய பங்கைத் தவறாது கொடுக்க வேண்டும். வயல் வாய்க்காலின் தலைப்பிலே இருந்தால், குத்தகை பேசும்போதே அளவாக நீர் எடுக்க வேண்டும் என்றும் பேச வேண்டும். நீரில்லாமற் பயிர் கெட்ட போகத்திலே குத்தகையைக் குறைத்துக் கொள்வதும் சிவபூசையே.

இரண்டாவது, கோயிலுக்கு வயல் இருக்குமானால் அந்த வயல் ஊருக்கு முன்மாதிரியாக விளங்க வேண்டும். பெருமானின் வயல் அயல் வயலுக்குரிய நீரை எடுத்து விளையுமானால், அந்த நெல்லை அவர் எப்படி அமுதாக ஏற்பார்? நிலத்தை மட்டப்படுத்துவதும், துளைக்குழாய் வைப்பதும், முறை வைத்துப் பாய்ச்சுவதும் முதலிலே கோயில் வயலிலே நடக்கட்டும். கண்ட பின்பு ஊரவர் செய்வார்கள்.

மூன்றாவது, அன்னதானம். ஒரு கிலோ நெல் விளைவதற்கு மழையும் பாசனமுமாகச் சராசரி 2500 லீற்றர் நீர் செல்கிறது என்று நெல் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப அது 800 லீற்றரிலிருந்து 5000 லீற்றர் வரை வேறுபடும். அந்தக் கணக்கிலே, இலையிலே மிச்சம் விடும் ஒரு பிடி சோற்றுக்குள்ளே நூறு லீற்றருக்கும் மேற்பட்ட நீர் இருக்கிறது. மகேசுவர பூசையிலே ஐந்நூறு இலை விரித்து, இலைக்கு ஒரு பிடி சோறு குப்பைக்குப் போனால், ஐம்பதினாயிரம் லீற்றர் நீரை யாரும் காணாமல் வாய்க்காலிலே திறந்துவிட்டதற்கு ஒப்பாகும். அன்னத்தை வேண்டிய அளவு கேட்டு வாங்கலாம். மேலும் வேண்டுமாயின் மீண்டும் கேட்கலாம். பரிமாறும் தொண்டர்களும் இலை நிறைவதை அன்பின் அடையாளமாகக் கொள்ளாமல், பசி நிறைவதை அடையாளமாகக் கொள்ளல் வேண்டும்.

நான்காவது, கோயில் நீர். திருமஞ்சனக் கிணறும் குழாயும் பொதுச் சொத்து. கோமுகை வழியே வெளியேறும் அபிடேக நீரைச் சாக்கடைக்கு விடாமல் நந்தவனத்துக்கும் வில்வ மரத்துக்கும் விடலாம். கால் கழுவும் குழாயை மூடிவிட்டுப் போவது ஒரு நிமிடத் தொண்டு. சிறுபிள்ளைகளுக்கு இதைப் பழக்கினால் அவர்கள் வளர்ந்து உத்தியோகத்தராகி, நீரைப் பற்றிய முடிவுகளை எடுக்கும் மேசையிலே அமரும்போது அந்தப் பழக்கம் அவர்களோடு இருக்கும். நீர்ப்பாசனத்தைப் பற்றிய பெரிய முடிவுகள் பல கொழும்பிலேதானே எடுக்கப்படுகின்றன! அந்த மேசையிலே கடைசி வயற்காரனுக்கு நாற்காலி இல்லை. அவனை நினைத்துப் பார்க்கும் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.

நைவேத்தியத்தின்போது சிவாசாரியார் திரையை மூடுகிறார். உள்ளே பெருமானுக்குச் சோறு படைக்கப்படுகிறது. மணி ஒலிக்கிறது. அடியார்கள் கண்களை மூடிக் கைகூப்பி நிற்கும் அந்தச் சிறுபொழுதிலே, அந்தச் சோற்றுக்கு நீர் தந்த குளத்தையும், அந்தக் குளத்தின் கடைசி வயலையும், அங்கே மண்வெட்டியோடு காத்திருப்பவனையும் நினைத்து வேண்டுதல் செய்வது தகும். அவனுடைய வயலுக்கும் நீர் சேர்ந்த அன்றே பெருமானுக்குப் படைத்த அமுது குறைவற்றதாகும். மழை பொழியட்டும், குளம் நிறையட்டும், நிறைந்த நீர் கடைசி வரம்பு வரையும் போய்ச் சேரட்டும்.

திருச்சிற்றம்பலம்.